சேர்ந்துவிட்டதாகச் சொன்ன மணி

பூட்டக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது அவளுடைய அடையாள அட்டையில் இருக்கிறது. அட்டையை யார் படிக்கிறார்கள்? ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் யாருடைய ப்ரோக்ராமாவது பாதியில் உறைந்து நின்றால், உடனே ஒரு குரல் கேட்கும்: "பூட்டக்காவக் கூப்பிடுங்கப்பா." அவளும் வருவாள். வரும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வருவாள். "யாரு எழுதினது இத? கண்ண மூடிக்கிட்டு எழுதினீங்களா, தூங்கிக்கிட்டே எழுதினீங்களா?" என்று ஆரம்பித்து, திட்டி முடிப்பதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவாள். திட்டாமல் கண்டுபிடிக்க அவளுக்கு வராது.

பூட்டு என்ற பட்டம் சும்மா வந்ததில்லை. கணினிக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓடும் ஒவ்வொன்றுக்கும் த்ரெட் என்று பெயர். இரண்டு த்ரெட்டுகள் ஒரே சாமானில் ஒரே நொடியில் கை வைத்தால் குடுமிப்பிடிச் சண்டைதான். அதனால் சாமானுக்கு ஒரு பூட்டு போடுவார்கள். ஒன்று உள்ளே போனால் மற்றது வெளியே நிற்கவேண்டும். உள்ளே போனது வந்து திறந்துவிட்ட பிறகுதான் அடுத்தது போகலாம். கேட்பதற்கு என்னவோ சின்னப் பிள்ளை விளையாட்டு போலத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே பூட்டுவது, எப்போது திறப்பது என்பதில் பெரிய பெரிய படிப்பு படித்தவர்களே குப்புற விழுந்திருக்கிறார்கள். பூட்டக்காவுக்கு அது கைவந்த கலை.

வீட்டில் மட்டும் எந்தப் பூட்டும் செல்லுபடியாகாது. குடும்பத்தில் யாருக்கு எது சொல்ல வேண்டுமானாலும் அவளிடம்தான் சொல்வார்கள். அவளுடைய அக்கா தினமும் போன் போடுவாள். "இந்தாடி, நான் ஞாயித்துக்கிழம வரலன்னு அம்மாகிட்ட சொல்லிடு." ஏன், அம்மாவிடம் போன் இல்லையா? இருக்கிறது. அம்மாவிடம் நேரே சொன்னால் ஏன் வரவில்லை என்று கேட்பாள். தங்கையிடம் சொன்னால் தங்கை அல்லவா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்! "நான் என்ன உங்க எல்லாருக்கும் தபால் பெட்டியா?" என்று கத்திவிட்டு, அடுத்த நிமிடமே அம்மாவுக்குப் போன் போடுவாள். அவளுடைய கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். நாள் முழுவதும் மைதானத்தில் விசில் ஊதிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார். "ஒரு வீட்ல ரெண்டு பேரு கத்தக்கூடாதும்மா. நீ கத்து, நான் கேட்டுக்கறேன்" என்பார். அந்த ஏற்பாட்டில் கல்யாண வாழ்க்கை நன்றாகத்தான் ஓடியது.

இனி விஷயத்துக்கு வருவோம். கம்பெனியில் அவள் எழுதியதிலேயே அவளுக்குப் பெருமை தந்தது ஒரு ஆஸ்பத்திரிக்காக எழுதிய அழைப்புமணி. கட்டிலில் இருக்கும் நோயாளி பொத்தானை அமுக்கினால் நர்ஸ் மேஜையில் மணியடித்து, திரையில் கட்டில் எண் தெரிய வேண்டும். நர்ஸ் யார், எந்த மேஜை என்பதெல்லாம் பொத்தானுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. நடுவில் 'அறிவிப்பு மையம்' என்று ஒரு கிளாஸ், அதாவது தனி வேலை பார்க்கும் ஒரு ப்ரோக்ராம் துண்டு, எழுதி வைத்தாள். செய்தி வேண்டும் என்கிறவர்கள் அதனிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்திருப்பார்கள். பொத்தான் மையத்திடம் சொல்லும். பெயர் கொடுத்த எல்லாருக்கும் மையம் சொல்லும். நர்ஸ் வேலைக்கு வந்து மேஜையில் தன் கார்டைச் செருகினால் பெயர் ஏறி அவருடைய திரை திறக்கும், உருவினால் பெயர் இறங்கித் திரை மூடும். யாருமே பெயர் கொடுக்காத நேரத்தில் மணி வந்தால், தாழ்வாரத்தில் இருக்கும் பெரிய மணி ஊரைக் கூட்டும். அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தாள்.

முதலில் அந்தப் பெயர்ப் பட்டியலைப் பூட்டிக்கொண்டு, ஒவ்வொருவருக்காகச் சொல்லிவிட்டு, கடைசியில் பூட்டைத் திறக்கும்படி எழுதியிருந்தாள். ஒரு நாள் எங்கோ ஒரு மேஜைக் கணினி மெத்தனமாக நின்றது. அது பதில் சொல்லும்வரை பட்டியல் பூட்டியே கிடந்தது. வார்டு முழுவதும் மணி கப்சிப். பூட்டக்கா தலையில் அடித்துக்கொண்டு அதை மாற்றினாள். பூட்டு, பட்டியலை அவசரமாக ஒரு நகல் எடு, பூட்டைத் திற. பிறகு நகலைப் பார்த்து நிதானமாக ஒவ்வொருவருக்கும் சொல். இது அவளுடைய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. தொழிலில் எல்லாரும் செய்வது, பாடத்தில் சொல்லித் தருவது. அதற்குப் பிறகு அந்த மணி ஒரு தடவைகூட உறையவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் "போய் அந்த கிளாஸப் படிங்க, அப்பறம் எங்கிட்ட வாங்க" என்பாள்.

அப்படி இருக்கும்போது ஒரு பிற்பகல் அவளுடைய மேலதிகாரி கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். எந்தத் தலைபோகிற விஷயத்துக்கும் "பாத்துக்கலாம்" என்பதே அவர் பதில் என்பதால் அவருக்கு அதுவே பெயர்: பாத்துக்கலாம் சார்.

"ஒண்ணும் இல்லம்மா, ஒரு சின்னக் கையெழுத்து. அந்த ஆஸ்பத்திரில ஒரு பெரியவர் பெட்லேர்ந்து விழுந்துட்டாராம். இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. பொத்தான அமுக்கினேன், யாரும் வரல, அதனால நானே எழுந்து பாத்ரூம் போனேன்கிறார். மணி வந்துச்சா வரலயான்னு நம்மகிட்ட கேக்கறாங்க. மணி ஒவ்வொண்ணையும் எழுதி வைக்குதே, நம்ம பதிவு, அதுல தெளிவா இருக்கு. மணி வந்துச்சு, நர்ஸ் மேஜைல சேர்ந்துச்சு. அத ஒரு சான்றிதழா குடுத்தா முடிஞ்சுது."

"நர்ஸ் என்ன சொல்றாங்க?"

"மணியே அடிக்கலங்கறாங்க. வேற என்ன சொல்வாங்க? அப்பதான் ஷிப்ட் மாறுற நேரம். போற நர்ஸும் வந்த நர்ஸும் நின்னு கத பேசிட்டிருந்திருப்பாங்க. விசாரண வெச்சிருக்காங்க. வேலை போயிடும்னு நெனைக்கிறேன், பாவம்."

பூட்டக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அதுவும் அந்த நர்ஸ் மேல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! பல வருஷமாக ஒழுங்காக அடிக்கிற மணி, இவர் கதை பேசினால் அடிக்காமல் போய்விடுமா? பேனாவை எடுத்தாள். எடுத்தவள் கையெழுத்துப் போடவில்லை. நியாயத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். தன் பெயரைப் போடுகிற தாளில் ஒரு கமா தப்பாக இருந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லித் தாளை வாங்கி வைத்தாள்.

பார்த்தாள். பொத்தான் அமுக்கப்பட்டது, பெயர் கொடுத்தவர் ஒருவர், சேர்ந்தது என்று பதிவு சொன்னது. அவளே சொல்லச் சொன்ன வாசகம்தான். ஷிப்ட் மாறுகிற நேரம் என்பதால் அதையும் பார்த்துவிடலாம் என்று, பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டே கார்டை உருவி உருவிச் செருகுவது போல ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி ஓடவிட்டாள். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணிகூடத் தவறவில்லை. சரி, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு படியிலும் பதிவு எழுதச் சொன்னாள். அப்படி எழுத எடுத்துக்கொண்ட நேரத்தில் எல்லாம் இன்னும் ஒழுங்காக நடந்தது. இந்தத் தொழிலில் இது ஒரு சனியன். த்ரெட் கோளாறை உற்றுப் பார்த்தால் அது ஒளிந்துகொள்ளும், கண்ணை எடுத்தால் வாலாட்டும். இங்கே வாலும் இல்லை, ஆட்டமும் இல்லை.

"சரியாத்தான் இருக்கு, கையெழுத்து போட வேண்டியதுதானே?" என்றார் கணவர், வீட்டில் அவள் பாத்திரங்களை டங்கு டங்கென்று வைத்ததைக் கேட்டுவிட்டு.

"சரியா இருக்குன்னு எனக்கும் தெரியும்."

"பின்ன எதுக்கு அந்தக் குண்டானப் போட்டு அடிக்கற? அது என்ன பண்ணிச்சு?"

அந்த நேரம் பார்த்து அக்கா போன் போட்டாள். காலையில் சொன்னதை அம்மாவிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். "சொல்லிட்டேன்" என்றாள் பூட்டக்கா, சொல்லாமலே. போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லச் சொன்னாள் என்றே நினைவில்லை என்பது உறைத்தது. தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கே போனாள். அந்த நர்ஸை வார்டில் விடவில்லை. விசாரணை முடியும்வரை துணிக் கிடங்கில் உட்கார்ந்து படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை, சுவரோரம் முழுக்க வெள்ளை விரிப்பு. நடுவில் ஒரு முக்காலியில் அவர். நாற்பதைத் தாண்டிய வயது. பூட்டக்கா தான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். அது வேறு அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"உக்காருங்க சிஸ்டர். நீங்க வந்த உடனே கார்டு போட்டீங்களா?"

"போட்டேன் மேடம். முன்னாடி இருந்தவங்க உருவினாங்க, நான் போட்டேன். திரை வந்துச்சு. சுத்தமா இருந்துச்சு. ஒரு கட்டில் நம்பரும் இல்ல."

"மணி?"

"அடிக்கல மேடம்." கொஞ்சம் நிறுத்தி, "அடிக்கலன்னுதான் நெனைக்கிறேன்" என்றார்.

"எங்க பதிவுல சேர்ந்துச்சுன்னு இருக்கே?"

"இருக்குன்னு எனக்கும் காட்டினாங்க." அவ்வளவுதான். சண்டைக்கு வரவில்லை, சத்தியம் பண்ணவில்லை. குனிந்து அடுத்த விரிப்பை எடுத்து மடித்தார். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் பூட்டக்காவும் திட்டிவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பாள். இப்படி அடங்கிப் போகிறவர்களிடம் எப்படித்தான் சண்டை போடுவது?

வெளியே வரும்போது ஷிப்ட் மாறும் நேரம். வந்ததே வந்தோம், அதையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று வார்டின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். காலையில் இருந்த நர்ஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். அடுத்தவள் வந்ததும், "மூணாவது பெட்டுக்கு ஊசி போட்டாச்சு, ஏழாவது பெட் சாப்பிடல" என்று சொல்லிக்கொண்டே தன் கார்டை உருவினாள். வந்தவள் தன் கார்டைச் செருகினாள். மேஜையில் துளை ஒன்றுதான். ஒன்றை உருவினால்தான் மற்றதைச் செருக முடியும். இங்கே எந்த நர்ஸும் அடுத்தவர் பக்கத்தில் வந்து நிற்கும்வரை கார்டை உருவ மாட்டாராம். வார்டைக் காலியாக விடக்கூடாது என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம். அதனால் உருவியதும் செருகியதும் ஒரே அசைவு மாதிரிதான் தெரிந்தது.

பூட்டக்கா எழுதும்போதும் அதை ஒரே அசைவாகத்தான் மனதில் வைத்திருந்தாள். ஆனால் எழுதியது இரண்டு அசைவு. முதலில் பழையவர் பெயரை எடு, பிறகு புதியவர் பெயரைப் போடு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டு, கச்சிதமாகத்தான் போட்டிருந்தாள். சரி, பழையவர் பெயர் இருக்கும்போதே மையம் பட்டியலை நகல் எடுத்திருந்தால்? நகல் எடுத்துப் பூட்டைத் திறந்துவிட்டது. அடுத்த கணம் பழைய கார்டு உருவப்பட்டது. பட்டியலில் பெயர் போய்விட்டது, நகலில் போகவில்லை. மையம் நகலைப் பார்த்து, போய்விட்டவரின் மூடிய திரையிடம் போய் மணியடிக்கச் சொல்லும். மூடிய திரை என்ன செய்யும்? வாங்கிக் கீழே போட்டுவிடும். நகலில்தான் ஒரு பெயர் இருக்கிறதே, அதனால் தாழ்வாரத்துப் பெரிய மணியும் அடிக்காது. புதியவர் நகலில் இல்லை, அவருக்கும் சொல்லாது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று என்று நிம்மதியாக 'சேர்ந்தது' என எழுதி வைக்கும்.

"அடப்பாவி!" என்றாள் வாய்விட்டு. இரண்டு நர்ஸும் திரும்பிப் பார்த்தார்கள். "உங்கள இல்ல, உங்கள இல்ல" என்று கையாட்டிவிட்டுப் படிகளில் ஓடினாள்.

அலுவலகத்தில் நகல் எடுப்பதற்கும் சொல்வதற்கும் நடுவில், வேண்டுமென்றே ஒரு சின்னக் காத்திருப்பைச் செருகினாள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளியைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இழுத்துவிட்டால், கோளாறு ஒளிய இடம் இருக்காது. அந்த இடைவெளிக்குள் கார்டை மாற்றினாள். மணி அடிக்கவில்லை. மறுபடி செய்தாள், அடிக்கவில்லை. பதிவு மட்டும் ஒவ்வொரு தடவையும் 'சேர்ந்தது', 'சேர்ந்தது' என்று எழுதிக்கொண்டே இருந்தது. அந்த வார்த்தையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. த்ரெட்டுகள் ஒன்றோடொன்று இடிக்கவில்லை, எதுவும் உறையவில்லை, பட்டியல் பத்திரமாக இருந்தது. எல்லாம் பத்திரமாக இருந்து, கட்டிலில் இருந்த மனிதர் மட்டும் கீழே விழுந்திருக்கிறார்.

பாத்துக்கலாம் சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ஒரு தடவை பார்த்தார். முகம் சுண்டிப்போனது. ஆனாலும் சுதாரித்துக்கொண்டார்.

"இது நடக்கறதுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கு?"

"ரொம்பக் குறைவு சார்."

"அப்ப அன்னிக்கு இதுதான் நடந்துச்சுன்னு நிச்சயமா சொல்ல முடியாதுல்ல?"

"இது நடக்கலன்னும் சொல்ல முடியாது. சேர்ந்துச்சுன்னு எப்படி சார் கையெழுத்து போடறது?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "இத பாரும்மா. அடுத்த அப்டேட்ல சத்தமில்லாம சரி பண்ணிடு. தப்பு நம்மளோடதுன்னு நீயே போய்ச் சொன்னா, இத்தன வருஷத்துல அங்க விழுந்தவங்க, செத்தவங்க எல்லாருக்கும் நம்மள பதில் சொல்லச் சொல்வாங்க. இங்க எத்தன குடும்பம் இருக்குன்னு யோசி. அந்த நர்ஸ் ஒத்துக்கிட்டா சும்மா எங்கயாவது மாத்திடுவாங்க, வேலை போகாதுன்னு அங்க உள்ளவங்களே சொல்றாங்க. பாத்துக்கலாம்."

"எதப் பாத்துக்கலாம்? அந்தம்மா செய்யாத தப்ப ஒத்துக்கறதப் பாத்துக்கலாமா?"

"கத்தாதம்மா."

"நான் இப்படித்தான் பேசுவேன், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். ஆனால் அவர் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பொய் சொல்வானேன், பயமாக இருந்தது. பூட்டக்கா எழுதிய மணி ஒரு ஆளைத் தள்ளிவிட்டது என்று நாளைக்கு ஊரெல்லாம் சொல்லும். விசாரணைக்கு யார் போவது என்று பேச்சு வந்தபோது, "நீ வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். அவர் பாத்துக்கொள்ளும் அழகு அவளுக்குத் தெரியும். தானும் வருவதாகச் சொன்னாள். போய் என்ன சொல்லப்போகிறாள் என்பது மட்டும் அவளுக்கே தெரியவில்லை.

விசாரணை, ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரின் அறையில் நடந்தது. கண்காணிப்பாளர் வழுக்கைத் தலையர், பேச்சில் மரியாதைக்காரர். விழுந்த பெரியவரின் மகன் ஒரு பக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நர்ஸ் எதிரே. கண்காணிப்பாளர் பதிவின் அச்சுப் பிரதியை மேஜையில் வைத்து, கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்போம் என்றார். பாத்துக்கலாம் சார் தொண்டையைச் செருமினார். அதற்குள் நர்ஸ் எழுந்துவிட்டார்.

"சார், அவங்க சொல்ல வேண்டாம். மணி அடிச்சிருக்கும். பேச்சு மும்முரத்துல நான் கவனிக்காம விட்டுட்டேன்னு நெனைக்கிறேன். எழுதிக் குடுத்துடறேன்." பிறகு அந்த மகன் பக்கம் திரும்பி, "உங்க அப்பாகிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

கண்காணிப்பாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பாத்துக்கலாம் சார் மெல்ல மூச்சுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். எல்லாம் சுமுகமாக முடியப்போகிறது. யாரும் பொய் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பூட்டக்காவுக்கு ஜென்மத்தில் வராத ஒரே வேலை அதுதான்.

"என்ன சிஸ்டர் பேசறீங்க நீங்க?" என்று எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "கவனிக்காம விட்டுட்டேனா? அடிச்சாத்தானே கவனிக்கறதுக்கு? மணியே அடிக்கல! எதுக்கு அடிச்சுச்சுங்கறீங்க?"

"அம்மா," என்றார் கண்காணிப்பாளர், பதறிப்போய், "உங்க பதிவுலதானே சேர்ந்துச்சுன்னு போட்டிருக்கு?"

"போட்டிருக்கு. அப்படிப் போடச் சொன்னதே நான்தான். சொல்லியாச்சுன்னு போட்டிருக்கணும். சேர்ந்துச்சுன்னு போட்டுட்டேன். யார்கிட்ட சொல்லியிருக்கு தெரியுமா? இவங்களுக்கு முன்னாடி இருந்தவங்ககிட்ட. அவங்க கார்டு அப்பதான் வெளிய வந்திருக்கு."

பாத்துக்கலாம் சார் அவளுடைய முழங்கையைத் தொட்டார். அவள் கையை உதறினாள். வந்தது வரட்டும் என்று முழுவதையும் சொன்னாள். நகல், உருவிய கார்டு, செருகிய கார்டு, நடுவில் விழுந்த மணி. கண்காணிப்பாளருக்குப் பாதி புரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகனுக்கு முழுவதும் புரிந்தது. "அப்ப எங்க அப்பா நிஜமாவே அமுக்கினாரு" என்றார். "நாங்க அவர நம்பவே இல்ல. வயசாயிடுச்சு, ஏதோ உளர்றார்னு வீட்லயே சொல்லிட்டிருந்தோம்." அவருடைய கைகள் தாமாக அவிழ்ந்து மடியில் விழுந்தன.

அதற்குப் பிறகு பேசவேண்டியவர்கள் பேசிக்கொண்டார்கள். கம்பெனிக்கு இன்னும் நிறைய கடிதங்கள் வரும் என்பது பாத்துக்கலாம் சாரின் முகத்திலேயே தெரிந்தது. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. நர்ஸ் அன்றே வார்டுக்குப் போகலாம் என்று கண்காணிப்பாளர் சொன்னார். பூட்டக்கா அறையை விட்டு வெளியே வந்து, தாழ்வாரத்தில் நர்ஸைப் பிடித்தாள். நன்றி சொல்வார் என்றுகூட மனதின் ஒரு மூலையில் நினைத்தாள். மனுஷிதானே.

நர்ஸ் திரும்பினார். கண் சிவந்திருந்தது. கிடங்கில் அடங்கி உட்கார்ந்திருந்தவரா இவர் என்று இருந்தது.

"உங்களுக்கு இது எப்ப தெரியும் மேடம்?"

"கிடங்குல உங்களப் பாத்தேன்ல, அன்னிக்குத்தான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? நான் காது டாக்டர்கிட்ட போனேன் மேடம். ரெண்டு காதும் நல்லா இருக்குன்னார். நம்பல. இன்னொரு டாக்டர்கிட்ட போனேன். வீட்ல எம் பொண்ண பக்கத்து ரூம்ல நிக்க வெச்சு மெதுவா கூப்பிடச் சொல்லி, கேக்குதா கேக்குதான்னு பாத்தேன். கேட்டுச்சு. அப்ப காது இல்ல, புத்திதான் எங்கயோ போயிடுது, எனக்கே தெரியாம நான் நின்னுக்கிட்டே எங்கயோ போயிடறேன்னு நெனச்சேன். அப்படிப்பட்டவ ஊசி போடலாமா? மருந்து எடுத்துக் குடுக்கலாமா? இந்த வேலைக்கே லாயக்கில்லன்னு முடிவு பண்ணித்தான் இன்னிக்கு அப்படிச் சொன்னேன். மெஷின் பொய் சொல்லாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

பூட்டக்காவின் வாய்க்கு எந்த நேரத்திலும் வார்த்தைப் பஞ்சம் வந்ததில்லை. இப்போது வந்தது. அன்றே வந்து சொல்லியிருக்கலாம்தான். ஏன் சொல்லவில்லை? பயம். அதை இவரிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"சரி பண்ணிட்டேன் சிஸ்டர். இனிமே பழைய பேர எடுக்கறதும் புதுப் பேரப் போடறதும் ஒரே பூட்டுக்குள்ள நடக்கும். நீங்க திரையத் தொட்டு, பாத்துட்டேன்னு சொல்ற வரைக்கும் சேர்ந்துச்சுன்னு போடாது. யாரும் தொடலன்னா வெளிய இருக்கற பெரிய மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். இனிமே எந்த மணியும் தொலையாது."

நர்ஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் போய்விட்டது போலத்தான் இருந்தது. "நீங்க நல்லாத்தான் பண்ணியிருப்பீங்க மேடம்" என்றார். "முன்னாடியும் நல்லாத்தானே பண்ணியிருந்தீங்க?"

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. வார்டுக்குள் போனார். மேஜையில் கார்டைச் செருகினார். திரை வந்தது, சுத்தமாக இருந்தது, ஒரு கட்டில் எண்ணும் இல்லை. திரையை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மேஜையை விட்டு நகர்ந்து, முதல் கட்டிலுக்குப் போய்க் குனிந்தார்.

"கூப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார் படுத்திருந்தவர். அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"கூப்பிட்டீங்களா?"